யாரிடம் விட்டுப் போனார்கள் என்று கேட்கவில்லை

அக்கா,

தீபாவை அவளைப் பெற்றவர்கள் கைவிடவில்லை. உன்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்து அவளை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போனது தவறு. தவறு செய்தவர்கள் இன்றுவரை அதைத் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. நீ இருந்தவரைக்கும் இதை நான் உரக்கச் சொல்லும்போதெல்லாம், "கத்தாதடா, நீ கத்தற கத்துல புள்ளைய இன்னும் தூரமா இட்டுனு போய்டப் போறாங்க" என்று என் வாயை அடைத்தாய். இப்போது அடைக்க ஆள் இல்லை. எழுதுகிறேன்.

இன்று காலை உன் வீட்டைத் திறந்தேன். மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். அடுப்பு மூலையில், விறகு அடுக்குக்குப் பின்னால், வாயில் துணி கட்டிய அந்தச் சின்னப் பானை இருந்தது. அவிழ்த்தேன். காய்ந்த நொச்சி இலையின் வாசனை மூக்கில் ஏறியது. இலையை விலக்கினால் கீழே சாமை. தீபாவின் அம்மா லட்சுமி கொண்டுவந்து உன் மடியில் கொட்டிய அதே சாமை. நீ அதில் ஒரு பிடிகூட எடுக்கவில்லை. உன் அடுப்பு எரியாத நாள்களும் இருந்தன, எனக்குத் தெரியும். அப்போதும் எடுக்கவில்லை. கூரையை மறந்துவிட்டேன். பானையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இனி எழுதப்போவதில் உனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். ஆனாலும் இதை நாலு பேர் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. உர மூட்டையிலும் பஸ் பலகையிலும் இருந்த எழுத்தை நானாகக் கூட்டிக் கூட்டிப் படித்தவன். மனு எழுதியே பழகிய கை. இதுவும் மனு மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் மலையில், நெல்லிவாசல்நாட்டில், சாமையும் கொள்ளும் வீட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் நிலத்தில் வேலை இல்லை. கை கால் நன்றாக இருக்கிறவர்கள் மிளகு பறிக்கக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போவார்கள். உன் பக்கத்து வீட்டுக் கோவிந்தனும் லட்சுமியும் கல்யாணமான வருஷத்திலிருந்து போகிறார்கள். தீபா கைக்குழந்தையாக இருந்தவரை தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே தகரக் கொட்டகையில் இருமி இருமி அவள் பாதியாகத் திரும்பி வந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், "இனிமே இவள இட்டுனு போகாத, எங்கிட்ட உடு" என்று நீதான் லட்சுமியிடம் சொன்னாய்.

அப்படி விடும்போது செய்யும் வழக்கம் ஒன்று எங்கள் நாலைந்து வீடுகளில் உண்டு. மலையிலேயே எல்லோருக்கும் தெரியாது. பிள்ளையை விடுகிறவள் ஒரு படி சாமை கொண்டுவந்து, பார்த்துக்கொள்ளப் போகிறவளின் மடியில் கொட்டுவாள். அது பிள்ளைக்குச் சோறாக்க இல்லை. அதைத் தனியாகக் கட்டி வைக்க வேண்டும். பெற்றவர்கள் திரும்பி வந்த அன்றைக்கு அதை எடுத்துப் பொங்கி, இரண்டு வீடும் சேர்ந்து சாப்பிட வேண்டும். சாமை பானையில் இருக்கிறவரை பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை. பானை காலியானால் அந்த வீட்டுப் பிள்ளை. பேச்சு அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை.

லட்சுமி சாமை கொட்டின காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜீப் வருகிறது என்று கோவிந்தன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

"அத்த, இவ தூக்கத்துல ஒதைப்பா" என்றாள் லட்சுமி.

"ஒதைக்கட்டும். என் இடுப்பு முன்னாலயே ஒடஞ்சதுதான்."

"பொய் சொல்லுவா. சாப்ட்டேன்னு சொல்லிட்டு நாய்க்குப் போட்ருவா."

"நீ மட்டும் இன்னா? உங்கம்மா உன்ன எங்கிட்ட உட்டுட்டு போனப்போ என் கோழிக்கில்ல போட்ட."

தீபா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எம்மா, எனக்கு இன்னா வாங்கினு வருவ?"

"மெளகு வாங்கினு வரேன்."

"போ, அது காரம்." எல்லோரும் சிரித்தோம். லட்சுமி சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினாள். வளைவு திரும்பினபிறகுதான் அழுதிருப்பாள். அவளுக்கு அந்த நாகரிகம் தெரியும்.

அதற்குப்பின் உன் வீட்டில் நடந்ததை நான் தினமும் பார்த்தேன். மாலையில் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் சாமையில் கல் பொறுக்குவீர்கள். உனக்குக் கண் மங்கல். "அத்த, நீ சோத்த பொறுக்கிப் போட்டுட்டு கல்ல வச்சுக்கிற" என்று அவள் முறத்தைப் பிடுங்குவாள். ஒரு கல் கிடைத்தால் ஊரே கேட்கிற மாதிரி கத்துவாள். நீ கல்லே இல்லாத நாளில் வாசலிலிருந்து நாலு கல்லை எடுத்து அவளுக்குத் தெரியாமல் முறத்தில் போட்டுவைப்பாய்.

மாசி மாதத்தில் அவளுக்கு அம்மை போட்டது. நம் வழக்கப்படி வாசலில் வேப்பிலை சொருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே அனுப்பாமல் வைத்திருந்தாய். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த டீச்சர் கீழ்நாட்டுப் பெண். பிள்ளை நாள்கணக்கில் வரவில்லை, பெற்றவர்கள் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டதும் மேலே சொல்லிவிட்டார். நான் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லமாட்டேன். கேட்காமல் விட்டிருந்தால்தான் குற்றம்.

குழந்தைகள் நல ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் பார்த்தது என்ன? எண்ணெய் காணாத தலை, முகமெல்லாம் பொருக்கு, குளிக்காத உடம்பு, மண்சுவர் வீடு, கண் தெரியாத ஒரு வயதான பெண்மணி. நான் அன்றைக்குப் புளி விற்கச் சந்தவாசலுக்குப் போயிருந்தேன். நடந்ததை நீ அன்றைக்கும் அதற்குப் பிறகும் எத்தனை தடவை சொன்னாயோ, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாய்.

வந்ததில் ஒருவர் பெண் அதிகாரி. மென்மையாகப் பேசினார், தீபாவுக்குப் பிஸ்கட் கொடுத்தார் என்று அதையும் சேர்த்தே சொல்வாய்.

"பாப்பாவோட அம்மா அப்பா எங்கம்மா?"

"உட்டுட்டுப் போய்ட்டாங்கம்மா."

"எங்க போனாங்க?"

"மேக்க."

"மேக்கன்னா எந்த ஊரு?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? மெளகுத் தோட்டம் எங்க கீதோ அங்க."

"போன் பண்ணுவாங்களா?"

"அங்க டவர் இல்லியாம்."

"எப்ப வருவாங்க?"

"முடிஞ்சா வருவாங்க."

பறிப்பு முடிந்தால் வருவார்கள் என்று நீ சொன்னாய். வர முடிந்தால் வருவார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

"நீங்க பாப்பாவுக்கு என்ன உறவு?"

"உறவு இன்னா உறவு, நாந்தான் கீறனே."

அவ்வளவுதான் பேச்சு. பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், இருப்பிடம் தெரியாது, உறவினர் இல்லை, பிள்ளைக்கு உடம்பு முழுக்கப் புண். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வேறு என்ன முடிவுக்கு வருவார் என்று நீயே அவர்களுக்காக என்னிடம் வாதாடியிருக்கிறாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ளமாட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள்? அதைக் கேட்டிருந்தால், "எங்கிட்டதான், பின்ன யார்கிட்ட?" என்று சொல்லி அந்தப் பானையை எடுத்துக் காட்டியிருப்பாய்.

தீபா அழவில்லை. அதுதான் உன்னைக் கடைசிவரை தின்றது. ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "அத்த, நானும் ஜீப்ல போறேன், டாட்டா" என்று கையை ஆட்டினாளாம். ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார்கள் என்று நீயும் கையை ஆட்டினாய். அவளுடைய கவுனை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாய். இரவுச் சோற்றுக்கு அவளுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாய்.

மறுநாள் நீயும் நானும் இறங்கிப் போனோம். அந்த ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் நம்மை நிற்க வைக்கவில்லை, நாற்காலி கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நாற்காலியைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை.

"பெரியவரே, இந்த அம்மாவே சொல்லியிருக்காங்க. விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு. நாங்களா ஒண்ணும் எழுதல" என்றார்.

"எங்க அக்காகிட்ட உட்டுட்டுப் போனாங்கன்னு சொன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயா, நீங்க எதுல வந்தீங்க?"

"பைக்ல. ஏன்?"

"பைக் எங்க?"

"கீழ, வாட்ச்மேன்கிட்ட விட்டுட்டு வந்தேன்."

"அப்போ அது கைவிட்ட வண்டி. நான் எடுத்துனு போட்டா?"

பக்கத்து மேசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். நீ என் கையை நறுக்கென்று கிள்ளினாய். "இவன் அப்டித்தாங்க, வாய் கொஞ்சம் நீளம், மனசுல வச்சுக்காதீங்க" என்று அவரிடம் கையைக் கூப்பினாய். சிரித்து முடித்த அவர், குழந்தைகள் நலக் குழு கூடும் நாளில் பெற்றவர்கள் நேரில் வரட்டும், அதுவரை பாப்பா குழந்தைகள் இல்லத்தில் பத்திரமாக இருக்கும் என்றார். வண்டிக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் தெரியும். வண்டியை அன்று சாயங்காலமே அவர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அந்த இல்லத்துக்கு நீ கொய்யாப்பழம் கட்டிக்கொண்டு வந்தாய். அங்கே பார்த்ததை நான் மறைக்கமாட்டேன். ஒரு பையனின் முதுகில் பெல்ட்டால் அடித்த தழும்பு. அடித்தது பெற்ற அப்பன். அக்கா தங்கை இரண்டு பேர். அம்மா செத்ததும் அப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு டீ வாங்கி வருகிறேன் என்று போனவன் வரவே இல்லை. இன்னொரு பெண்ணின் அம்மாவுக்கு மனசு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இந்தப் பிள்ளைகளை யாரும் தூக்கிவந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? நீ கொய்யாப்பழத்தை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாய். தீபாவுக்கு வந்தது பாதிப் பழம். வெளியே வந்ததும் சொன்னாய்: "இந்தப் புள்ளைங்களுக்கு இந்த வூடு வேணும்டா. நம்ம புள்ளைக்குத்தான் வேணாம்." இதைவிடச் சரியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. இதைத்தான் நான் எல்லா மனுவிலும் சுற்றிச் சுற்றி எழுதினேன்.

பங்குனிக் கடைசியில் கோவிந்தனும் லட்சுமியும் வந்து இறங்கினார்கள். லட்சுமி கையில் பிள்ளைக்கு ஒரு குடை, பூப்போட்டது. அதை வைத்துக்கொண்டு உன் வாசலில் அவள் நின்ற நிலையை எழுத எனக்கு வரவில்லை. நீ சொல்லி முடித்ததும் அவள் உன்னைத் திட்டவில்லை. "சாமை கீதா அத்த?" என்று மட்டும் கேட்டாள். "கீதுடி" என்றாய்.

குழு கூடின நாளில் கோவிந்தன் குடித்துவிட்டு வந்தான். பயத்துக்குக் குடித்தானாம். பயத்துக்குக் குடிக்கிறவன் அன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருந்திருக்க வேண்டும். அவனை நான் மன்னிக்கவில்லை. அங்கே லட்சுமியைக் கேட்டார்கள்.

"ஏம்மா புள்ளைய விட்டுட்டுப் போன?"

"உடாம எப்டிங்க போறது?" என்றாள்.

உண்மையான பதில். பிள்ளையோடு போனால் தகரக் கொட்டகை, இருமல், பள்ளிக்கூடம் இல்லை. போகாமல் இருந்தால் சோறு இல்லை. எல்லாமே அந்த மூன்று சொல்லில் இருந்தது. அவர்கள் காதில் அது திமிராக விழுந்தது. வீட்டைப் பார்க்க வேண்டும், அப்பா குடியை நிறுத்தியதைப் பார்க்க வேண்டும், இன்னும் விசாரிக்க வேண்டும் என்று தள்ளி வைத்தார்கள். தள்ளிக்கொண்டே போனதில் மறுபடி மிளகுப் பருவம் வந்தது. கோவிந்தனும் லட்சுமியும் மறுபடி போனார்கள். இரண்டாம் முறையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஆனது.

சின்னப் பிள்ளை இல்லத்திலேயே வளர்வது நல்லதல்ல, ஒரு குடும்பத்தில் வளர வேண்டும் என்று அப்புறம் முடிவு செய்தார்கள். அது நல்ல முடிவு. நானும் அதைத்தான் சொன்னேன். பெற்றவர்கள் சரியாகும்வரை பிள்ளையைத் தன் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்புக் குடும்பம் ஒன்று வேண்டும் என்றார்கள். நீ எழுந்து நின்று, "நான் பாத்துக்கறேங்க" என்றாய். தனியாக இருக்கிறீர்கள், வயதாகிவிட்டது, கண் சரியில்லை, வீட்டில் கழிப்பறை இல்லை என்றார்கள். வளர்ப்புக் குடும்பம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வரும் வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டே வந்தேன். பெற்றவர்கள் திரும்பி வரும்வரை தன் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்வது. அக்கா, உன் வீட்டிலிருந்து அவளை எடுத்துப்போய், உன்னைப் போன்ற ஒருத்தியைத்தான் அவர்கள் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கலசப்பாக்கத்துப் பக்கத்தில் கிடைத்தாள் ஒருத்தி. சாந்தி. தையல் மெஷின் வைத்திருக்கிறாள், புருஷனுக்கு ரைஸ் மில்லில் வேலை, மகன் வெளியூரில். நாம் முதல் தடவை போனபோது நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவள் தீபாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட ஒன்றும் அகப்படவில்லை. நீ அவளிடம், "தூக்கத்துல ஒதைப்பா, பாத்துக்க" என்றாய். "ஆமாங்கக்கா, நான் கீழ பாய் போட்டுப் படுத்துட்டேன்" என்றாள் சாந்தி. இருவரும் சிரித்தீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அதற்கப்புறம் உன்னிடம் ஒரு மாற்றம் வந்தது. ஊரில் வேறு யாரும் கவனிக்கவில்லை. "விடு" என்கிற சொல்லை நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். ஆட்டை விட்டுட்டு வா என்று சொல்லமாட்டாய், "ஆட்ட சேத்துட்டு வா" என்பாய். குடையை விட்டுட்டு வந்துட்டேன் என்று நான் சொன்னால், "வச்சுட்டு வந்தேன்னு சொல்லு" என்று திருத்துவாய். ஒருநாள் நான் பொறுக்கமுடியாமல், "இன்னா உனக்கு, நாக்குல முள்ளா?" என்று கேட்டேன். "இந்த நாக்குதாண்டா புள்ளைய இட்டுனு போச்சு" என்றாய்.

இல்லை அக்கா. அன்றைக்கும் சொன்னேன், நீ கேட்கவில்லை; இப்போது எழுதியே வைக்கிறேன். உன் நாக்கில் குற்றம் இல்லை. நம் மலையில் நாம் பிறந்த நாளிலிருந்து பேசுகிற பேச்சை நீ பேசினாய். விடுவது என்றால் நமக்கு நம்பிக் கொடுப்பது. மாட்டை மேய்ச்சலுக்கு விடுகிறோம், பெண்ணைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம். எதையும் கைவிடுவதில்லை. கேட்கத் தெரியாதவர் காதின் குற்றத்தை நீ உன் நாக்கில் சுமந்தாய். அப்படிச் சுமந்துகொண்டே செத்தும் போனாய். தீபாவை இறக்கிக்கொண்டு போனது முதல் தவறு என்றால் இது இரண்டாவது. முதல் தவறுக்காவது ஒருநாள் பரிகாரம் உண்டு.

ஆடியில் நீ படுத்தாய். எழுந்திருக்கமாட்டாய் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தேன். கையைக் காட்டி அடுப்பு மூலையைச் சுட்டினாய். "அது அங்க கீது. உங்கிட்ட வச்சுட்டுப் போறேன்" என்றாய். அப்போதுகூட அந்தச் சொல்லை நீ சொல்லவில்லை. எனக்குத்தான் புரியவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைக் கேட்கிறாய் என்று நினைத்து அதை எடுத்துக் கொடுத்தேன். நீ சிரித்த மாதிரி இருந்தது. இன்று காலை நொச்சி வாசனை ஏறினபோதுதான் நீ எதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரிந்தது.

காரியம் முடிந்ததும் தீபாவிடம் சொல்லக் கலசப்பாக்கம் போனேன். நாலாம் வகுப்பு படிக்கிறாள். இரட்டைச் சடை, ரிப்பன். சாந்தி விஷயம் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு அந்த அக்காவ நினைச்சாலே ஒரு மாதிரி இருக்குங்கய்யா. ஆபீசருங்க பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டுப் போன அன்னைக்கே நெனச்சேன்..."

"நில்லும்மா" என்றேன். "இன்னா சொன்ன?"

"ஆபீசருங்க பாப்பாவ எங்கிட்ட விட்டுட்டுப் போனாங்கன்னு..."

"அப்போ அவங்களும் புள்ளைய கைவிட்டவங்கதானா?"

அவள் விழித்தாள். பாவம், அவளுக்கு எப்படிப் புரியும். உனக்குப் புரிந்திருக்கும். அவர்கள் செய்ததும் லட்சுமி செய்ததும் ஒரே காரியம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தகுந்த ஒருத்தியைப் பார்த்து, அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் செய்தால் அதற்குப் பெயர் பராமரிப்பு. லட்சுமி செய்தால் கைவிடல்.

பள்ளிக்கூடம் விட்டு தீபா வந்தாள். பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். உடனே அழவில்லை. ரிப்பன் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"மாமா, அத்தையும் என்ன உட்டுட்டுப் போய்ட்டாங்களா?"

அத்தை'யும்'. அந்த ஓர் 'உம்'மில் அவளுக்கு இத்தனை வருஷமாக என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. யாரும் வேண்டுமென்று சொல்லியிருக்கமாட்டார்கள். ஆபீசில் பேசும்போது காதில் விழுந்திருக்கும். இல்லத்தில் பெரிய பிள்ளைகள், என்னை இப்படி விட்டார்கள், உன்னை எப்படி விட்டார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஜீப்பில் டாட்டா காட்டிக்கொண்டு போன பிள்ளைக்குள் அது இறங்கி உட்கார்ந்துவிட்டது.

ஆபீசில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன். "உன்ன யாரும் உட்டுட்டுப் போகலடி. உங்கம்மா உன்ன அத்தகிட்ட உட்டுட்டுப் போனா. சும்மா இல்ல, சாமை கொட்டிட்டுப் போனா. அந்தச் சாமை இன்னும் கீது. அத்த அத பத்திரமா வச்சுட்டுப் போயிருக்கா."

"எவ்ளோ சாமை?"

"ஒரு படி."

"கல் பொறுக்கினதா?"

"இல்ல" என்றேன். சாமை இருக்கிறது என்றதும் கல் பொறுக்கவில்லை என்றதும் உன்னை நம்பிப் பார்க்காமலே சொன்னதுதான். அப்போது பானை எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இன்று காலை ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தேன். அக்கா, நீ ஒரு கல்லைக்கூட எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறாய்.

அடுத்த மாதம் மறுபடி குழு கூடுகிறது. லட்சுமி இந்த வருஷம் தோட்டத்துக்குப் போகவில்லை. கோவிந்தன் மட்டும் போக இருக்கிறான். நான் மனு எழுதிவிட்டேன். அதில் இருப்பதை உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

மலையேறி வரும் அதிகாரி, பெற்றவர்கள் எங்கே என்று கேட்ட வாயால் பிள்ளையை யாரிடம் விட்டுப் போனார்கள் என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்கிறவளின் பேச்சு புரியவில்லை என்றால் அந்த ஊரில் இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பருவ வேலைக்கு ஆள் இறங்கும் முன்னால், எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கப்போகிறது என்பதைப் பள்ளிக்கூடத்து டீச்சர் பெற்றவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். குழுவில் உட்காருகிறவர்கள் ஒரு தடவையாவது நெல்லிவாசல்நாட்டுக்கு வந்து, உன்னைப் போல இருக்கிற பெண்களின் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு அப்புறம் கழிப்பறையைப் பற்றிப் பேச வேண்டும். கழிப்பறை இல்லை என்றால் கட்டிக் கொடுக்கச் சொல்ல வேண்டும், பிள்ளையைத் தூக்கக் கூடாது. தழும்போடு இருந்த அந்தப் பையனை அவன் அப்பனிடம் ஒருநாளும் அனுப்பக் கூடாது. கோவிந்தன் குடியை விட வேண்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அர்த்தமே போதும். லட்சுமி, எத்தனை தடவை கேட்டாலும், கோபப்படாமல், எங்கள் அத்தையிடம் விட்டுவிட்டுப் போனேன் என்று முழுதாகச் சொல்ல வேண்டும். சாந்தி, தீபா வீட்டுக்குப் போகும் நாளில் கூடவே வர வேண்டும். அவளும் பார்த்துக்கொண்டவள்தான், அவளுக்கும் ஒரு தட்டு உண்டு.

தவறு என்று அவர்கள் சொல்ல வேண்டும். உன் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும். அதுவரை நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை.

நான் செய்ய வேண்டியது, வெயில் உறைக்கும் நாளில் சாமையைக் காயவைத்து, நொச்சி மாற்றி, மறுபடி துணி கட்டி வைப்பது. ஒரு பிடிகூடக் குறையாமல் வைத்திருப்பது. அதை இன்று செய்துவிட்டேன்.

கல் பொறுக்க வேண்டியது தீபா.